பேச முடியாத இருவருக்காக நிரப்பும் படிவங்கள்

(ஒரு நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற வருவாய்த் துறை அலுவலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அரசாங்கம் நம்மிடம் நீட்டும் படிவங்கள் எத்தனையோ இருக்கின்றன. குடும்ப அட்டைக்கு ஒன்று, வங்கிக் கணக்குக்கு ஒன்று, ஓட்டுநர் உரிமத்துக்கு ஒன்று. அவற்றில் எல்லாம் யாருடைய விவரமோ அவரே கையெழுத்துப் போடுகிறார். தன் பெயரைத் தானே எழுதுகிறார், தப்பாக இருந்தால் அங்கேயே அடித்துத் திருத்துகிறார். இரண்டு படிவங்களில் மட்டும் இது நடக்காது. ஒன்று பிறப்பு அறிக்கை, மற்றொன்று இறப்பு அறிக்கை. ஒன்றுக்கு உரியவருக்கு இன்னும் பேச்சு வரவில்லை. மற்றதற்கு உரியவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. இருவருக்காகவும் வேறொருவர் சொல்ல, வேறொருவர் எழுதிக்கொள்கிறார்.

அப்படிச் சொல்கிறவர் அந்த நேரத்தில் நிதானத்தில் இருப்பதில்லை. பிரசவ வார்டுக்கு வெளியே இரவெல்லாம் கண்விழித்த தகப்பன், அல்லது சாவு வீட்டில் பந்தலுக்கும் பாடைக்கும் ஓடிக்கொண்டிருக்கும் மைத்துனன். அந்த அரை நிமிடத்தில் அவர் வாயில் வந்த பெயர், வந்த தேதி, வந்த முகவரி பதிவேட்டில் ஏறி இரண்டு மூன்று தலைமுறைக்கு நிற்கிறது. வருவாய்த் துறையில் என் மேசைக்கு வந்த வாரிசுச் சிக்கல்கள், பட்டா மாற்றச் சிக்கல்கள், ஓய்வூதியச் சிக்கல்கள் பலவற்றையும் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் அந்த அரை நிமிடத்தில்தான் போய் நிற்கும். அதனால்தான் இந்தத் தலைப்பைக் கேட்டு வாங்கினேன்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். வீட்டுப் பீரோவில் நாம் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் சான்றிதழ் ஒரு நகல். மூலம் பதிவாளரிடம் உள்ள பதிவேடு. சான்றிதழ் தொலைந்தால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். பதிவேட்டில் எழுத்து பிழையாக இருந்தால் எத்தனை நகல் எடுத்தாலும் அந்தப் பிழையேதான் வரும். மருத்துவமனையிலோ வீட்டிலோ நாம் நிரப்பிக் கொடுக்கும் படிவத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று சட்டப் பகுதி, இன்னொன்று புள்ளிவிவரப் பகுதி. பதிவேட்டின் பக்கமாக ஆவது அந்தச் சட்டப் பகுதிதான். ஆகவே நாம் நிரப்புவதை விண்ணப்பம் என்று நினைக்கக் கூடாது. பதிவேட்டை எழுதுவதே நாம்தான். பிறப்புக்குப் படிவம் 1, இறப்புக்குப் படிவம் 2. இறந்தே பிறந்த குழந்தைக்குப் படிவம் 3 தனியாக இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் பதிவு நம் ஊருக்குப் புதிதல்ல. சென்னை மாகாணத்தில் 1899-லேயே இதற்கென்று ஒரு சட்டம் வந்துவிட்டது. அந்தக் காலத்து அரசுக்கு மக்களின் உரிமையைவிடக் கொள்ளைநோயின் கணக்குதான் முக்கியம். காலராவில் எத்தனை பேர், அம்மையில் எத்தனை பேர், காய்ச்சலில் எத்தனை பேர் என்று கிராம அதிகாரி எழுதி மேலே அனுப்புவார். நாடு முழுவதற்கும் ஒரே சட்டமாக இப்போது நாம் பின்பற்றும் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் நிறைவேறி 1970-இல் நடைமுறைக்கு வந்தது. பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறை 1980-இல் ஒழிந்த பிறகு கிராமத்துப் பதிவேடு கர்ணம், மணியக்காரர் கையிலிருந்து கிராம நிர்வாக அலுவலர் கைக்கு வந்தது. நகராட்சியிலும் மாநகராட்சியிலும் சுகாதாரப் பிரிவு இதைப் பார்க்கிறது. மாநிலம் முழுவதற்கும் தலைமைப் பதிவாளர் பொது சுகாதாரத் துறையின் இயக்குநர்.

இனி பிறப்புக்கு வருகிறேன்.

எங்கே பதிவு செய்வது? இதில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் குழம்புகிறார்கள். குழந்தை எங்கே பிறந்ததோ அந்த எல்லைக்குள்தான் பதிவு. பெற்றோர் குடியிருக்கும் ஊர் எதுவாகவும் இருக்கலாம். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போவது நம் வழக்கம். கணவர் வீடு திருப்பூரில், பெண்ணின் தாய்வீடு அறந்தாங்கிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரசவம் அறந்தாங்கியில் நடந்தால் பதிவும் அங்கேதான். இருபது வருடம் கழித்துப் பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போது திருப்பூரில் போய்த் தேடினால் என்ன கிடைக்கும்? “பதிவே இல்லை” என்ற பதில்தான் கிடைக்கும். பதிவே இல்லை என்று நம்பிப் புதிதாகத் தாமதப் பதிவுக்கு அலைந்து, ஒரே ஆளுக்கு இரண்டு ஊரில் இரண்டு பிறப்பு ஏறிவிடுவதும் உண்டு. அது பெரிய தலைவலி. முதலில் அம்மாவிடம் கேளுங்கள். பிரசவம் எங்கே நடந்தது என்று அவர்களுக்கு மறக்காது.

108 ஆம்புலன்ஸில் போகும் வழியிலேயே பிரசவம் ஆகிவிட்டால்? அதற்கும் விதி இருக்கிறது. ஓடும் வண்டியில் நடந்த பிறப்பையும் இறப்பையும் வண்டி முதலில் நின்ற இடத்தின் பதிவாளரிடம் பதிய வேண்டும். தகவல் கொடுக்க வேண்டியவர் வண்டிக்குப் பொறுப்பானவர். மருத்துவமனையில் பிறந்தால் மருத்துவமனைப் பொறுப்பாளர், வீட்டில் பிறந்தால் குடும்பத் தலைவர், சிறையில் என்றால் சிறை அதிகாரி. சத்திரத்துக்கும் விடுதிக்கும் அதை நடத்துகிறவர், தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்குத் தோட்டக் கண்காணிப்பாளர் என்று சட்டம் ஒவ்வொரு இடத்துக்கும் ஒருவரைக் குறித்து வைத்திருக்கிறது. அநாதையாகக் கிடந்த குழந்தைக்கும் அதில் இடம் உண்டு.

காலக்கெடு 21 நாள். இந்த 21 நாளுக்குள் தகவல் போய்விட்டால் கட்டணம் எதுவும் இல்லை. தகவல் கொடுத்தவருக்குச் சான்றின் ஒரு பிரதியும் இலவசம். 21 தாண்டி 30 நாளுக்குள் என்றால் தாமதக் கட்டணம் கட்டினால் போதும். 30 நாள் கடந்து ஓராண்டுக்குள் என்றால் மேலதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். ஓராண்டும் கடந்தால் விசாரணையும் உத்தரவும் தேவை. முன்பு இதற்கு நீதித்துறை நடுவரிடம் போக வேண்டியிருந்தது. இப்போது கோட்டாட்சியர் அலுவலகத்தில் முடிகிறது. அங்கே போகும்போது, பிறந்த ஊரில் பதிவு இல்லை என்று பதிவாளர் தரும் சான்று கையில் இருக்க வேண்டும். அது படிவம் 10. பலர் இதை வாங்காமலேயே கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய்த் திரும்பி வருகிறார்கள்.

பெயருக்கு வருவோம். பிறந்த சில நாளில் பெயர் முடிவாகியிருக்காது. நட்சத்திரம் பார்க்க வேண்டும், எழுத்து பார்க்க வேண்டும், இரண்டு பக்கத்துத் தாத்தாவும் ஒத்துக்கொள்ள வேண்டும். சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது. பெயர் இல்லாமலேயே பிறப்பைப் பதிந்துகொள்ளலாம். 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். இந்த அவகாசம் இருக்கிறபோது ஆஸ்பத்திரியில் செவிலியர் கேட்டார் என்பதற்காக வாயில் வந்த பெயரைச் சொல்லாதீர்கள். ஒருமுறை ஏறிய பெயரைப் பிடிக்கவில்லை என்று மாற்ற இந்தச் சட்டத்தில் வழியில்லை. எழுத்துப் பிழையைத் திருத்தலாம், தவறான விவரத்தை ஆதாரத்தோடு சரிசெய்யலாம். அப்படித் திருத்தும்போதும் பழைய எழுத்தை அழிக்க மாட்டார்கள். ஓரத்தில் திருத்தத்தை எழுதிக் கையெழுத்தும் தேதியும் போடுவார்கள். “பிரியா என்று இருப்பதை ஹரிணி என்று மாற்றிக் கொடுங்கள்” என்று கேட்டால் அது திருத்தம் ஆகாது.

பெயர் முடிவான பிறகும் பாதி வேலை மிச்சம் இருக்கிறது. தமிழில் எழுதுவதில் சிக்கல் குறைவு. ஆங்கிலத்தில்தான் பிரச்சினை. லட்சுமி என்ற ஒரு பெயரை நம் ஊரில் நான்கு விதமாக ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். செந்தில் என்பதில் ‘எச்’ போடுகிறவர் உண்டு, போடாதவர் உண்டு. பெற்றோர் இருவரும் தங்கள் ஆதாரையும் பள்ளிச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தங்கள் பெயரின் ஆங்கில எழுத்து அவற்றில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, அந்தத் தாளை மருத்துவமனையில் பதிவு எழுதுகிறவரிடம் கொடுங்கள். வாயால் சொல்ல வேண்டாம். அவர் காதில் விழுந்ததை எழுதுவார், அவர்மேல் குற்றமில்லை. இனிஷியலையும் விரித்தே எழுதுங்கள். தகப்பன் பெயர் இருக்கும் இடத்தில் ‘க. முருகன்’ என்று எழுதினால், அந்தக் ‘க’ கந்தசாமியா கருப்பையாவா என்று நாற்பது வருடம் கழித்து நிரூபிக்க வேண்டியவன் பேரன்.

தகப்பன் பெயரைச் சொல்ல முடியாத, அல்லது சொல்ல விரும்பாத தாய்மார்களும் இருக்கிறார்கள். இங்கே வந்திருக்கும் சகோதரிகளில் யாருக்காவது இது பயன்படலாம் என்பதால் அழுத்தமாகச் சொல்கிறேன். 2015-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்புச் சொன்னது. மணமாகாத தாயோ தனித்து வளர்க்கும் பெற்றோரோ தன் வயிற்றில் பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்று கேட்டால், ஓர் உறுதிமொழிப் பத்திரத்துக்கு மேல் அதிகாரிகள் எதுவும் கேட்கக் கூடாது. 1969 சட்டத்துக்கு 2023-இல் வந்த திருத்தம் தனிப் பெற்றோரையும் மணமாகாத தாயையும் தகவல் தருவோர் பட்டியலில் வெளிப்படையாகவே சேர்த்துவிட்டது. தத்தெடுத்த பெற்றோரும் அந்தப் பட்டியலில் உண்டு. எந்த அலுவலகத்திலாவது “அப்பா பெயர் இல்லாமல் முடியாது” என்று யாராவது சொன்னால் தலை குனிந்துகொண்டு வெளியே வராதீர்கள். அவர் சொல்வது சட்டம் இல்லை.

வயது விஷயத்துக்கு வருகிறேன். என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். பள்ளியில் சேர்க்கப் போனால் வாத்தியார் வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் ஐந்து வயது. தேதி? அவரே ஜூன் மாதத்தில் ஒன்றைப் போட்டுக்கொள்வார். நம் தலைமுறையில் ஏகப்பட்ட பேர் ஜூனில் பிறந்தவர்களாக இருப்பதற்குக் காரணம் அந்தக் காதுதான். ஆனால் பிறப்புப் பதிவேட்டில் ஐப்பசியிலோ மாசியிலோ வேறு தேதி இருந்திருக்கும். அரசு வேலைக்குப் போனவர்களுக்கு இது பின்னாளில் இடித்தது. பணியில் சேர்ந்து ஐந்து ஆண்டுக்குள் கேட்டால்தான் பிறந்த தேதி மாற்றத்தைப் பரிசீலிப்பார்கள். ஓய்வு நெருங்கும்போது பிறப்புச் சான்றைத் தேடி எடுத்துக்கொண்டு போய்ப் பயனில்லை.

இனி வரும் பிள்ளைகளுக்கு அந்தக் குழப்பம் இருக்காது. 2023-இல் நாடாளுமன்றம் 1969 சட்டத்தைத் திருத்தியது. அது அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த நாளிலோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைக்கு, பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், அரசு வேலை, திருமணப் பதிவு, பாஸ்போர்ட், ஆதார் என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் பிறந்த இடத்துக்கும் பிறப்புச் சான்றே ஆதாரம். பாஸ்போர்ட் விதிகளையும் 2025-இல் அதற்கேற்ப மாற்றிவிட்டார்கள். பழைய தலைமுறைக்குப் பள்ளிச் சான்றிதழ், பான் அட்டை என்று மாற்று வழிகள் தொடர்கின்றன. ஆதார் அட்டையில் பிறந்த தேதி அச்சடித்திருக்கிறதே என்று கேட்பீர்கள். ஆதார் ஆள் அடையாளத்துக்கு. வயதுக்கு அது உறுதியான சான்று ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் சொல்லியிருக்கிறது. வருங்கால வைப்பு நிதி நிறுவனமும் அதே ஆண்டு பிறந்த தேதிக்கான ஆவணப் பட்டியலிலிருந்து ஆதாரை நீக்கிவிட்டது. நேற்றுப் பிறந்த பேரப்பிள்ளையின் பதிவில் ஒரு தேதி பிசகினால் சாய்ந்துகொள்ள வேறு தூண் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

ஒரு தாளுக்கு எவ்வளவு வலிமை இருக்க முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. இலங்கையிலிருந்து வந்த அகதிப் பெற்றோருக்கு 1986-இல் தமிழ்நாட்டு முகாம் ஒன்றில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குடியுரிமைச் சட்டத்தின்படி 26.1.1950 முதல் 1.7.1987-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர்கள், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் குடிமக்கள். அந்தப் பெண் வளர்ந்து பாஸ்போர்ட் கேட்டபோது மறுத்தார்கள். அவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். தான் 1986-இல் இங்கே பிறந்ததற்கு அவரிடம் பிறப்புச் சான்று இருந்தது. 2022-இல் அவர் இந்தியக் குடிமகள் என்று தீர்ப்பு வந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். ஓடி வந்து முகாமில் ஒண்டிக் கிடந்த ஒரு குடும்பத்தின் குழந்தையை ஏதோ ஒரு ஊழியர் விடாமல் பதிவேட்டில் ஏற்றியிருக்கிறார். அந்த ஊழியர் யாரென்று நமக்குத் தெரியாது. என் துறைசார்ந்த எல்லாப் பெருமைகளிலும் எனக்குப் பெரியது அந்தக் கையெழுத்துதான்.

படிவத்தின் புள்ளிவிவரப் பகுதியைப் பலர் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். தாயின் படிப்பு, திருமணத்தின்போது வயது, இந்தப் பிரசவத்தின்போது வயது, இதுவரை உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, பிரசவம் பார்த்தது யார், சுகப்பிரசவமா அறுவையா, குழந்தையின் எடை எவ்வளவு என்று அதில் கேட்டிருக்கும். “இதெல்லாம் இவங்களுக்கு எதுக்கு?” என்று ஒரு பாட்டி என்னிடமே கேட்டிருக்கிறார். அந்த விவரம் சான்றிதழில் வராது. அது கணக்குக்குப் போகிறது. எந்த வட்டாரத்தில் பதினெட்டு நிறையாத பெண்ணுக்குக் கல்யாணம் நடக்கிறது, எங்கே குழந்தைகள் எடை குறைந்து பிறக்கின்றன என்பது தெரிந்தால்தான் அங்கே செவிலியரையும் சத்துணவையும் அனுப்ப முடியும். திருமண வயதைக் கூட்டிச் சொல்கிறவர்கள் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்க வேண்டிய கவனிப்பைத்தான் குறைக்கிறார்கள்.

இப்போது படிவம் 3. இருபத்தெட்டு வாரக் கர்ப்பத்துக்குப் பிறகு குழந்தை உயிரில்லாமல் பிறந்தால் அதற்குத் தனிப் பதிவு உண்டு. ஆனால் குழந்தை பிறந்து ஒரே ஒரு முறை மூச்சு விட்டிருந்தாலும் அது உயிருடன் பிறந்த குழந்தை. அந்தக் குழந்தைக்குப் பிறப்பையும் பதிய வேண்டும், இறப்பையும் பதிய வேண்டும். துக்கத்தில் இருக்கும் வீட்டில் இதைக் கேட்பது கொடுமையாகத் தெரியலாம். பலர் இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்தக் குழந்தை இந்த உலகத்தில் இருந்தது என்பதற்கு அந்த இரண்டு வரிகளைத் தவிர வேறு எந்த எழுத்தும் இருக்காது. பச்சிளங்குழந்தைகளின் சாவு எங்கே அதிகம், ஏன் அதிகம் என்று அறிவதற்கும் அந்த வரிகள்தான் வழி.

இறப்புக்கு வருகிறேன். இங்கேதான் நான் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். ஏனென்றால் பிறப்புச் சான்றுக்குப் பள்ளிக்கூடம் நம்மைத் துரத்துகிறது. இறப்புச் சான்றுக்கு யாரும் துரத்துவதில்லை. சொத்து எதுவும் இல்லாத வீட்டில், அதிலும் வயதான பெண் இறந்தால், “இதை வைத்து என்ன செய்யப் போகிறோம்” என்று பதியாமலே விட்டுவிடுவார்கள். பத்து வருடம் கழித்து அந்தப் பாட்டி பெயரில் அரை ஏக்கர் மானாவாரி நிலம் இருப்பது தெரியவரும். அப்போது அவர் எந்தத் தேதியில் இறந்தார் என்று சொல்லவே ஆள் இருக்காது.

காலக்கெடு இதற்கும் 21 நாள்தான். இறந்த இடத்தில்தான் பதிவு. சென்னையிலோ மதுரையிலோ பெரிய ஆஸ்பத்திரியில் இறந்தவரின் உடலைக் கிராமத்துக்குக் கொண்டுவந்து எரித்தாலும் புதைத்தாலும் பதிவு சென்னையிலோ மதுரையிலோதான். கிராமத்தில் வீட்டில் இறந்தால் கிராம நிர்வாக அலுவலர். கருமாதி முடியட்டும் என்று காத்திருக்கிறவர்கள் உண்டு. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்த உறவினரை அனுப்பி வைத்துவிட்டு மூச்சு விடுவதற்குள் 21 நாள் போய்விடும். எட்டாம் நாளிலேயே வீட்டில் நிதானமான ஒருவரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்.

அவர் எதைப் பார்த்து எழுத வேண்டும்? இறந்தவரை ஊர் எந்தப் பெயரில் கூப்பிட்டது என்பதைப் பார்த்து எழுதக் கூடாது. ஊரில் ‘சின்னப்பொண்ணு’, பட்டாவில் ‘பொன்னம்மாள்’, வங்கிப் புத்தகத்தில் ‘எஸ். பொன்னம்மா’, குடும்ப அட்டையில் இன்னொன்று. நம் வீடுகளில் இது சகஜம். ஆதார், வங்கிப் புத்தகம், நிலப் பத்திரம், ஓய்வூதியப் புத்தகம் எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்து, பெயர் எங்கே எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஆதாரில் உள்ளபடி பெயர் எழுதி, தகப்பன் அல்லது கணவன் பெயரையும் இறந்தபோது இருந்த முகவரியையும் நிலையான முகவரியையும் விடாமல் நிரப்புங்கள். பெயர் இரண்டு விதமாக இருந்தாலும் கணவர் பெயரும் முகவரியும் பொருந்தினால், “இருவரும் ஒருவரே” என்று பின்னால் சான்று கொடுப்பது அதிகாரிக்கு எளிது. எல்லாமே வேறு வேறாக இருந்தால் அவரால் எதுவும் செய்ய முடியாது.

இறப்புக்கான காரணம் என்ற இடம் வரும்போது குடும்பங்கள் மிரள்கின்றன. தற்கொலை, காசநோய், எச்ஐவி என்று ஏதாவது இருந்தால் மறைக்கப் பார்க்கிறார்கள். நாளைக்குப் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது அந்தத் தாள் வெளியே வருமே என்ற பயம். அந்தப் பயத்துக்கு இடமில்லை. இறப்புச் சான்றிதழில் மரணக் காரணத்தை வெளியிடக் கூடாது என்று 1969 சட்டத்தின் 17-ஆம் பிரிவே தடுத்திருக்கிறது. உங்கள் வீட்டில் இருக்கும் ஏதாவது இறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள், காரணம் என்ற கட்டமே இருக்காது. ஆகவே பதிவுக்கு உண்மையைச் சொல்லுங்கள்.

மருத்துவர் நண்பர்கள் சிலரும் இங்கே இருக்கிறார்கள். அவர்களிடமும் ஒரு வேண்டுகோள். மரணக் காரணச் சான்று, அதாவது மருத்துவமனையில் இறந்தால் படிவம் 4, வீட்டில் இறந்தால் படிவம் 4-ஏ, உங்கள் கையில் இருக்கிறது. அதில் ‘இதயத் துடிப்பும் மூச்சும் நின்றன’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். யார் இறந்தாலும் இதயம் நிற்கத்தான் செய்யும். அதை நிறுத்தியது எது? உடனடிக் காரணம், அதற்கு முந்திய காரணம், அதற்கும் அடியில் இருந்த நோய் என்று அந்தப் படிவம் படிப்படியாகக் கேட்பதே அதைத் தெரிந்துகொள்ளத்தான். சர்க்கரை நோய் சிறுநீரகத்தைக் கெடுத்து அதனால் இறந்தவரை மாரடைப்புக் கணக்கில் போட்டுவிட்டால், அந்த மாவட்டத்துக்கு டயாலிசிஸ் இயந்திரம் எத்தனை வேண்டும் என்பது யாருக்குமே தெரியாமல் போகும். இறப்பு அறிக்கையில் புகைத்தல், புகையிலை, பாக்கு, மது ஆகிய பழக்கங்கள் எத்தனை வருடமாக இருந்தன என்றும் கேட்கிறார்கள். இறந்தவரை அவமானப்படுத்துவதாக எண்ணி ‘இல்லை’ என்று எழுத வேண்டாம்.

இறப்புச் சான்று கையில் வந்த பிறகு பெரும்பாலும் அடுத்த படி வாரிசுச் சான்று. வட்டாட்சியர் தருவது அது. இ-சேவை மையத்திலோ இணையத்திலோ விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து அறிக்கை அனுப்புவார்கள். இறந்தவருக்கு யார் யார் வாரிசு என்று அது சொல்லும். எந்தச் சொத்து யாருக்கு என்று அது சொல்லாது. நீதிமன்றம் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி தரும் சான்று வேறு. அது கடன், பங்குப் பத்திரம் போன்றவற்றைப் பெறுவதற்கு. வங்கி எதைக் கேட்கிறது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் ஓடுங்கள்.

இந்த விண்ணப்பத்தில் நான் தொடர்ந்து பார்த்த அநியாயம் ஒன்று உண்டு. மகள்களின் பெயரை விட்டுவிடுவது. “அதுங்களைக் கட்டிக் கொடுத்து, சீர் செஞ்சு அனுப்பியாச்சே, அதுங்க பேர் எதுக்குங்க?” என்று அண்ணன் தம்பிகள் கூசாமல் கேட்பார்கள். திருமணமாகிப் போனாலும் மகள் வாரிசுதான். நம் மாநிலம் 1989-லேயே குடும்பச் சொத்தில் பெண்ணுக்குப் பங்கு தந்தது. வாரிசுச் சான்றில் அவளுடைய பெயர் இல்லாவிட்டால் அந்தச் சட்டம் அவளுக்குக் காகிதம்தான். இறந்தவர் பிள்ளைகளுக்கு அப்பா என்றால், அவரைப் பெற்ற தாய் உயிரோடு இருக்கிறாரா என்றும் பாருங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் அந்தத் தாயும் முதல் வகுப்பு வாரிசு. மகனைப் பறிகொடுத்த எண்பது வயதுக் கிழவியின் பெயரை வாய்தவறிக்கூட யாரும் சொல்வதில்லை. விசாரணைக்கு வரும் அலுவலரே “அம்மா இருக்காங்களா?” என்று கேட்க வேண்டும். இங்கே இருக்கும் இளைய அலுவலர்கள் தயவுசெய்து கேளுங்கள்.

பழைய பதிவுகளைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அண்மை ஆண்டுகளின் பதிவுகள் கணினியில் இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பதிவுத் தளத்தில் விவரம் கொடுத்து நீங்களே சான்றிதழை இறக்கிக்கொள்ளலாம், யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். சான்றிதழில் உள்ள க்யூஆர் குறியீட்டைச் சோதித்தால் போலியா இல்லையா என்றும் தெரிந்துவிடும். கிராமத்துப் பழைய ஏடுகளை வட்டாட்சியர் அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் கேளுங்கள். ஆண்டு தெரியாவிட்டால் பக்கத்து ஆண்டுகளையும் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள். பெயர் இல்லாமல் பதிந்திருப்பார்கள் என்பதால் குழந்தையின் பெயரை வைத்துத் தேடாமல் தாய், தகப்பன் பெயரை வைத்துத் தேடச் சொல்லுங்கள்.

முடிக்கும் முன் கடைசியாக ஒன்று. கடற்கரை ஊர்களிலிருந்து வந்திருப்பவர்களுக்கு இது தெரிந்த வலி. உடலே கிடைக்காதவருக்கு இறப்பை எப்படிப் பதிவது?

ஏழு ஆண்டுகளாக ஒருவரைப் பற்றி, செய்தி தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கு எந்தச் செய்தியும் இல்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு அது. இப்போதைய சாட்சியச் சட்டத்தில் 111. அதைக் காட்டி நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கினால்தான் பதிவாளர் இறப்பைப் பதிவார். ஏழு வருடம் என்பது கட்டுமரத்திலும் விசைப்படகிலும் போனவரின் மனைவிக்கு எவ்வளவு காலம் என்று யோசியுங்கள். விதவை உதவித்தொகை கிடையாது, காப்பீடு கிடையாது, அவர் பெயரில் உள்ள கடனை அடைக்கவும் வழியில்லை. ஊர் அவளைச் சுமங்கலியாகவும் வைக்காது, அரசு அவளை விதவையாகவும் ஏற்காது. அதனால் காணவில்லை என்று தெரிந்த அன்றே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்குங்கள். மீன்வளத் துறையிலும் எழுதிக் கொடுங்கள். ஏழாண்டு எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கியது என்று காட்ட அந்தத் தாள்கள்தான் உதவும்.

2004 சுனாமிக்குப் பிறகும் 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகும் இந்த ஏழாண்டுக் காத்திருப்பைத் தளர்த்தி, விசாரணை நடத்திக் குடும்பங்களுக்கு வழி செய்தார்கள். அது முடியும் என்று அரசே காட்டிவிட்டது. ஆனால் பெரும் புயல் இல்லாத சாதாரண நாளில் ஒரு படகு திரும்பாவிட்டால், அந்த ஒரு வீட்டுக்கு அந்தச் சலுகை கிடைப்பதில்லை. பத்திரிகையில் வரும் அளவுக்குப் பலர் சேர்ந்து சாக வேண்டும் என்ற நிலை எப்படி நியாயமாகும்? கடலுக்குப் போய்த் திரும்பாதவருக்கென்று நிரந்தரமான ஒரு நடைமுறை வேண்டும். படகு புறப்பட்ட பதிவு, உடன் போனவரின் வாக்குமூலம், தேடுதல் அறிக்கை இவற்றை வைத்துக் கோட்டாட்சியர் குறித்த காலத்துக்குள் விசாரித்து உத்தரவு போட வேண்டும். இந்தக் கோரிக்கையை மனுவாக எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். நூலகர் மேசையில் இருக்கிறது. படித்துப் பார்த்து, சரி என்று பட்டால் முழுப் பெயரோடு, இனிஷியலை விரித்துக் கையெழுத்திடுங்கள்.